திருகோணமலையில் இருந்து வெளிநாட்டுத் தொழிலுக்கும் தொழிற்பயிற்சிக்கும்: எதை முதலில் செய்வது?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் என்று நாள் போகும். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கமும் இருந்து வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகள் வருவார்கள். வந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஏஜென்சி நல்லது?"

அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தொழில், பிறகு அந்தத் தொழிலுக்கு ஒரு சான்றிதழ், பிறகு மொழி, பிறகு காகிதங்கள். இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் ஏஜென்சி. சில நாடுகளுக்கு அதுவும் தேவைப்படாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து என் சொந்தத் தம்பியே நாலரை லட்சம் இழந்தான். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த காசு. விசிட் விசாவில் அனுப்பினார்கள், "போனதும் வேலை விசாவாக மாற்றித் தருவோம்" என்றார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்தான். கையில் ரசீதும் இல்லை, சான்றிதழும் இல்லை. அந்தக் காசில் பாதியைத் தொழிலுக்கும் மொழிக்கும் போட்டிருந்தால் அவன் கதை வேறு.

தெரிந்த தொழிலுக்குக் காகிதம் எடுங்கள்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. பத்து வருசம் மேசன் வேலை செய்தவர், படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவர், ஹோட்டல் அடுப்படியில் நின்று பழகியவர் என்று எத்தனையோ பேர். ஆனால் கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. வெளிநாட்டு முதலாளிக்கு நீங்கள் யாரிடம் வேலை பழகினீர்கள் என்பது தெரியாது. அவர் காகிதத்தைத்தான் பார்ப்பார்.

இலங்கையில் அந்தக் காகிதம் என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். மொத்தம் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தொழிலாளியாகப் போகிறவர் 3 அல்லது 4ஐக் குறி வைத்தால் போதும். தனியார் நிறுவனம் கொடுக்கிற பளபளப்பான சான்றிதழையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான நிறுவனமா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி அங்கீகாரம் பெற்றதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

தொழில் தெரியாதவர் படிக்கப் போகும் இடங்கள் உள்ளூரிலேயே இருக்கின்றன. திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், கடல்சார்ந்த தொழிலுக்கு சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம். அரச பாடநெறிகள் பெரும்பாலும் கட்டணம் இல்லாமலோ குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன.

தொழில் ஏற்கனவே தெரிந்தவர் மறுபடி வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. நீங்கள் செய்து பழகிய வேலையை மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து சோதித்து, தகுதி இருந்தால் என்.வி.கியூ. கிடைக்கச் செய்கிற முறை. நைட்டா என்று நாங்கள் சொல்கிற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை செய்த இடங்களின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள், வேலை விபரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்றைக்கே தொடங்குங்கள். நீங்கள் கட்டின சுவர், பூட்டின மெயின் போர்ட், ஒட்டின கேட், எல்லாவற்றையும் திகதியோடு போனில் எடுத்து வையுங்கள்.

என் அக்காவின் மகன் உப்புவெளியில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகினவன். "மாமா, எனக்கு எல்லாம் ஒட்டத் தெரியும்" என்பான். கட்டாருக்குக் குழாய் வெல்டர் வேலைக்கு என்று தொழிற்சோதனைக்குப் போனபோதுதான் 6ஜி என்றால் என்னவென்று பார்த்தான். குழாயை 45 பாகை சரிவில் அசையாமல் பூட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, ஆள்தான் சுற்றி வர வேண்டும். கீழ்ப்பக்கம் ஒட்டும்போது தலைக்கு மேல், பக்கவாட்டில் ஏறுமுகம், மேலே சாதாரணம் என்று ஒரே மூட்டில் எல்லா நிலையும் வந்துவிடும். மேலால் பார்த்தால் அவன் ஒட்டினது அழகாக வரிவரியாக இருந்தது. வெட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் உலோகம் முழுதாக உள்ளே இறங்கவில்லை. பெயில். திரும்பி வந்து ஆறு மாதம், பின்னேரங்களில் பழைய குழாய்த் துண்டுகளில் முதல் சுற்றை மட்டும் ஒட்டி, வெட்டி, பார்த்து, மறுபடி ஒட்டினான். இரண்டாம் முறை பாஸ். கேட் ஒட்டுகிற கூலிக்கும் குழாய் ஒட்டுகிற சம்பளத்துக்கும் இடையில் இருக்கிற தூரம் அந்த ஆறு மாதம்தான்.

நாட்டைத் தொழிலை வைத்துத் தெரிவு செய்யுங்கள்

சித்தப்பா இருக்கிறார், கூட்டாளி போய்விட்டான் என்று நாட்டைத் தெரிவு செய்கிறவர்கள்தான் கூட. எந்த நாடு உங்கள் கைத்தொழிலைக் கேட்கிறது, அந்த நாட்டின் வாசல் எது என்று பாருங்கள்.

கொரியாவுக்கு வாசல் ஒன்றே ஒன்று. ஈ.பி.எஸ். என்ற முறையில் அரசாங்கத்துக்கு அரசாங்கம், நம் பக்கத்தில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டும். 18 முதல் 39 வயது வரை. கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும். நிறக்குருடு இருந்தால் எடுக்க மாட்டார்கள், ஆகவே வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்பு கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை, கட்டுமானம், விவசாயத்தோடு மீன்பிடித் துறைக்கும் ஆள் எடுக்கிறார்கள். கடலில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அதை ஏன் கவனிப்பதில்லை என்று எனக்கு உண்மையிலேயே கவலை. முதல் தடவை மூன்று வருடம், முதலாளி விரும்பினால் இன்னும் ஒரு வருடம் பத்து மாதம். ஒன்றை மனதில் வையுங்கள்: பரீட்சையில் பாஸ் ஆனால் வேலை கிடைத்தது என்று அர்த்தம் இல்லை. உங்கள் பெயர் பட்டியலில் ஏறும், கொரிய முதலாளி அதிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். "எங்களிடம் கொரியாவுக்கு கோட்டா இருக்கிறது" என்று எந்தத் தனியார் ஏஜென்சி சொன்னாலும் அது பொய். விசாரிக்கவே தேவையில்லை, எழும்பி வாருங்கள்.

ஜப்பானுக்கு 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசா இருக்கிறது. மொழி வகுப்புப் பிள்ளைகள் எஸ்.எஸ்.டபிள்யூ. என்பார்கள். முதியோர் பராமரிப்பு, உணவகம், விவசாயம், கட்டுமானம், கட்டடத் துப்புரவு போன்ற துறைகள். இரண்டு பரீட்சை: ஒன்று துறைக்கான திறன் பரீட்சை, மற்றது மொழி. முதல் வகை விசாவில் மொத்தம் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதே வேலை செய்கிற ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் சட்டம். பழைய தொழில்நுட்பப் பயிலுனர் முறையை 2027 ஏப்ரல் முதல் வேறு முறையாக மாற்றுகிறார்கள். ஆகவே அதைச் சொல்லி இப்போது காசு கேட்கிறவரிடம் எந்த முறையில், எந்த மாதம் அனுப்பப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜேர்மனி விஷயம் வேறு. அங்கே வேலைக்குப் போவதைவிடத் தொழில் படிக்கப் போவது இளம் பிள்ளைகளுக்கு நல்ல வழி. அவுஸ்பில்டுங் என்பார்கள். ஒரு நிறுவனத்தில் வேலை பழகிக்கொண்டே தொழிற்பாடசாலைக்கும் போவது. தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை வருடம். படிக்கிற காலத்திலேயே நிறுவனம் மாதாமாதம் கொடுப்பனவு தரும். பெரும்பாலான தொழில்களுக்கு சட்டம் வைத்த அடிமட்டம் 2025இல் தொடங்கியவர்களுக்கு முதல் வருடம் மாதம் 682 யூரோ. தாதியர் பயிற்சியில் இதைவிடக் கூட. ஆனால் 682 யூரோவில் அறை வாடகையும் சாப்பாடும் ஓடாது. வாழ்க்கைச் செலவுக்குப் போதாத மீதியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று தூதரகத்துக்குக் காட்ட வேண்டி வரும். முன்கூட்டியே காசைப் போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு அளவு மட்டும் எடுக்கிற முடக்கிய வங்கிக் கணக்கு ஒரு வழி, அங்கே இருக்கிற உறவினர் பொறுப்பேற்றுக் கொடுக்கிற கடிதம் இன்னொரு வழி. ஜேர்மனியில் சித்தப்பா இருப்பது உதவுகிற இடம் இதுதான். ஜேர்மன் மொழியில் குறைந்தது பி1 என்ற நடு மட்டம் வேண்டும், தாதியர் பக்கம் அதற்கு அடுத்த மட்டமான பி2 கேட்கிற நிறுவனங்கள் நிறைய. பயிற்சி இடத்தை நீங்களே நிறுவனத்துக்கு எழுதித் தேடலாம். அரசின் 'மேக் இட் இன் ஜேர்மனி' இணையத்தளத்தில் இருந்து தொடங்குங்கள். அந்த இடத்தை வாங்கித் தர யாரும் பத்து லட்சம் கேட்டால், இலவசமாகக் கிடைப்பதை உங்களுக்கு விற்கிறார் என்று அர்த்தம்.

வளைகுடா நாடுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கட்டாரைப் பற்றி மட்டும் இரண்டு விஷயம். கொழும்பில் இருக்கிற கட்டார் விசா நிலையத்தில்தான் கைரேகை, மருத்துவம், ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் நடக்கும். ஆகவே ஒப்பந்தத்தைப் பார்க்காமல் விமானம் ஏறத் தேவையில்லை. 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,000 ரியால். முதலாளி சாப்பாடும் தங்குமிடமும் தராவிட்டால் அதற்கு மேல் 300, 500 ரியால். இது தொழில் தெரியாதவருக்கும் உரிய அடிமட்டம். தொழில் தெரிந்த உங்களுக்கு இதே தொகையைச் சொன்னால் திரும்பி வாருங்கள்.

மொழி

"ஜப்பான் மொழி எங்களுக்கு வராது அண்ணா" என்று சொல்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதை ஜப்பானியர் 'வதஷி வா கொஹன் ஓ தபெமசு' என்பார். நான், சோறு, சாப்பிடுகிறேன். அதே ஒழுங்கு, வினை கடைசியில். கொழும்பில் இருந்து என்றால் 'கொழும்பு கரா'. திருகோணமலை வரை என்றால் 'திருகோணமலை மடே'. பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிறது, நம் தமிழ் போலவே. கொரிய மொழியும் இதே கட்டுமானம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடத்தில் தமிழ்ப் பிள்ளை சும்மா நடந்து போகலாம்.

எங்கள் உண்மையான கஷ்டம் வேறு. வகுப்புகளும் புத்தகங்களும் பெரும்பாலும் சிங்களத்தில். அதனால் பலர் இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள். தமிழில் சொல்லித் தருகிற ஆசிரியரைத் தேடுங்கள், ஒன்லைனிலும் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து, சிங்களம் தெரிந்த ஒருவரையும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜப்பான் விசாவுக்கு ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சையில் என்4 மட்டம், அல்லது ஜே.எப்.டி. பேசிக்கில் 250க்கு 200. முன்னது உலகம் முழுக்க ஜூலை, டிசம்பர் மாதங்களில் மட்டும். பின்னது கணினிப் பரீட்சை, அடிக்கடி நடக்கும். பராமரிப்புத் துறைக்குப் போகிறவர் அந்தத் துறையின் ஜப்பானிய மொழிப் பரீட்சை ஒன்றும் கூடுதலாக எழுத வேண்டும். ஜேர்மன் மொழிக்குக் கொழும்பில் கெத்தே நிறுவனம் பரீட்சை வைக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் அதற்காக இரவு ரயிலில் போய், காலையில் கோட்டை நிலையத்தில் முகம் கழுவிவிட்டுப் பரீட்சை எழுதினார். பேச்சுப் பகுதியில் நித்திரை தூங்கிப் போயிற்று என்று அழுதுகொண்டு வந்தார். தயவுசெய்து ஒரு நாள் முந்திப் போய்த் தங்குங்கள்.

எத்தனை மாதம் ஆகும் என்று கேட்பார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறவருக்கு என்4 வர ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேர்மன் பி1உம் அப்படித்தான், கொஞ்சம் கூடவும் ஆகலாம். "மூன்று மாதத்தில் பி2" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

என் மேசையில் அதிகம் பிரச்சினை வருவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் 'சிவகுமார்'. சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கிலத்தில் எஸ், ஐ என்று தொடங்கும். பாஸ்போட்டில் எஸ், எச், ஐ. என்.வி.கியூ.வில் கடைசியில் ஒரு ஏ கூட. நமக்கு ஒரே சிவகுமார். தூதரகத்துக்கு மூன்று ஆட்கள். இதில் அப்பா பெயர் வேறு. ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து.

ஆகவே எதற்கும் முன்பு எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இனி எடுக்கிற எல்லாச் சான்றிதழிலும் வர வேண்டும். என்.வி.கியூ. படிவம் நிரப்பும்போது பாஸ்போட்டைப் பார்த்துத்தான் நிரப்புங்கள். பழைய பிழைகளைத் திருத்த முடிந்தால் திருத்துங்கள். சிறிய வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்கலாம், ஆனால் எல்லாத் தூதரகமும் அதை ஏற்கும் என்று இருக்க வேண்டாம்.

பாஸ்போட்டுக்குப் பத்தரமுல்லைதான் போக வேண்டும் என்றில்லை, ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா அலுவலகம் எங்களுக்குக் கிட்ட. பிறப்பு, கல்விச் சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்த வேண்டி வந்தால், அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. பொலிஸ் அறிக்கையை ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். அதைக் கடைசியில் எடுங்கள், பழையதை ஏற்க மாட்டார்கள்.

இப்போது ஏஜென்சி

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆள் அனுப்புகிற ஏஜென்சி அதன் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. உரிமம் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்குச் சொல்கிற அந்த வேலைக்கும் அந்த நாட்டுக்கும் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சொல்வார்கள். பிரதேச செயலகத்தில் இதற்கென்றே உத்தியோகத்தர் இருக்கிறார், அவரிடம் நேரே போய்க் கேளுங்கள்.

ஊரில் இருக்கிற உப தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். அவர் உங்கள் மச்சானாக இருந்தாலும் சரி. கொழும்பு ஏஜென்சியின் பெயரில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம், தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடவும் வேண்டாம். ஒப்பந்தம் காட்டுவதற்கு முன்பு பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொள்கிறவர் உங்களைக் கட்டிப்போடுகிறார். விசிட் விசாவில் போய் மாற்றலாம் என்ற பேச்சு வந்தால் அங்கேயே முடித்துவிடுங்கள். கணினி வேலை என்று தாய்லாந்து வழியாகக் கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்ததும், நல்ல சம்பளம் என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் யுத்தத்தில் இறக்கியதும் நம் நாட்டு ஆட்களுக்கு நடந்தவைதான்.

கடன் எடுக்க நினைக்கிறவர் ஒரு கணக்குப் போடுங்கள். 12 லட்சத்தை மாதம் 3 வீத வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டும் மாதம் 36,000 ரூபாய். ஐந்து மாதம் விசா தாமதித்தால், ஒரு நாள்கூட வேலை செய்யாமல் 1,80,000 போய்விடும். இதை நான் தாளில் எழுதிக் காட்டிய பிறகு எழும்பிப் போனவர்கள் உண்டு. சிலர் கோபித்துக்கொண்டும் போனார்கள். பரவாயில்லை.

ஒப்பந்தமும் பதிவும்

ஒப்பந்தத்தில் ஆறு இடத்தை விரலால் தொட்டு வாசியுங்கள்: தொழிலின் பெயர், அடிப்படைச் சம்பளம், வேலை நேரமும் மேலதிக நேரக் கொடுப்பனவும், சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, எத்தனை வருடம், திரும்பி வரும் டிக்கட் யார் செலவு. அடிப்படைச் சம்பளத்தையும் கொடுப்பனவுகளையும் கூட்டி ஒரே தொகையாக வாயால் சொல்வார்கள், ஆனால் மேலதிக நேரத்தையும் வேலை முடிந்து வரும்போது தருகிற சேவைக்காலப் பணத்தையும் பெரும்பாலும் அடிப்படையில்தான் கணக்கிடுவார்கள். வெல்டராகப் போகிறவருக்கு ஒப்பந்தத்தில் 'உதவியாளர்' என்று இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம், அங்கே போனால் சம்பளம் உதவியாளரின் சம்பளம்தான்.

பிறகு பணியகப் பதிவு. வேலையை நீங்களே தேடிக்கொண்டாலும் பதிய வேண்டும். இதில்தான் காப்புறுதி வருகிறது, ஏதாவது நடந்தால் முறையிட இடமும் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நேரத்தோடு நிற்பதைப் போல இதையும் தவறாமல் செய்யுங்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள், பாஸ்போட், விசா, ஒப்பந்தம், பணியகப் பதிவு, ரசீதுகள், காப்புறுதி எல்லாவற்றிலும் இரண்டு கொப்பி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். போனிலும், மின்னஞ்சலிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். போகிற நாட்டில் இருக்கிற இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தை வீட்டிலும் எழுதி வையுங்கள்.

வெல்டிங் பழகின அந்த அக்கா மகன் கட்டாருக்குப் போய் இரண்டாம் மாதம் சம்பளத்தில் 400 ரியால் குறைத்துப் போட்டிருந்தார்கள். அவன் போனில் சொன்னதும், அக்கா சாமியறை அலுமாரியில் வைத்திருந்த அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை ஸ்கேன் பண்ணினோம், பதிவு இலக்கத்தைப் பார்த்து 1989க்கு அழைத்தோம், அவனும் அங்கிருந்து தூதரகத்துக்கு எழுதினான். மூன்றாம் மாதச் சம்பளத்தோடு அந்த 400உம் சேர்ந்து வந்தது.